இடாப்பில் கூப்பிடாத மூன்று பெயர்கள்

1990இல் எங்கள் மட்டக்களப்புப் பாடசாலையின் பத்தாம் வகுப்பில், முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் சேர்ந்து வருவார்கள். ஒருவனுடைய வாப்பாவுக்கு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த என் மாமாதான் அந்த வயலைப் பார்த்துச் செய்யும் முல்லைக்காரர். வெட்டு முடிந்தால் மண்முனைத் துறையால் நெல்மூட்டை இக்கரைக்கு வரும். வாப்பா மாமிக்குச் சீலையும் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணியும் கொண்டு அக்கரைக்குப் போவார். தாய்வழியில் குடி, அதாவது குலம், எண்ணுவது எங்கள் இரண்டு சமூகத்துக்கும் பொது வழக்கம். அவரும் மாமாவும் குடிக்கதை பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் சொல்கிறோமே, நான் அதைக் கண்ணால் கண்டவன்.

ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது, பாடசாலையைப் பூட்டினார்கள். ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடி மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த கிழமை ஏறாவூர் முஸ்லிம்கள். அதன்பின் வீரமுனை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாம், சத்துருக்கொண்டான் என்று அரச தரப்பின் கையில் தமிழர்கள் செத்தார்கள். இந்த வரிசையை எழுதும் நம்மவர்கள் முதல் இரண்டு ஊரையும் விட்டுவிட்டுத் தொடங்குவதைப் பல நினைவு மலர்களில் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

மாதங்கள் கழித்துப் பாடசாலை திறந்தது. சேர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டார். அந்த மூன்று பெயர்களையும் கூப்பிடவில்லை. நாங்கள் முப்பது பேரும் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளையில்கூட ஒருவரும் கேட்கவில்லை. உயிர்ப்பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் இல்லை. ‘அது அவங்கட பாடு’ என்றொரு எண்ணமும் எங்களுக்குள் இருந்தது. எனக்குள்ளும் இருந்தது.

வாப்பா அதற்குப் பிறகு துறை தாண்டவில்லை. வயலில் புல் ஏறியது. மாமா கூலிக்கு விறகு வெட்டப் போனார். இதைக்கூட ஒரு கஷ்டகாலம் என்று கடந்திருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு, படையில் சேர்க்கப் புலிகள் எங்கள் படலைக்கே வந்தார்கள். மாமாவின் இளையவனைப் பாடசாலை விட்டு வரும் வழியில் பிடித்துப்போனார்கள். மாமி தலைவிரி கோலமாக ஒவ்வொரு வீடாகப் போய், ஒருக்கால் கூட வாங்கோ, போய்க் கேட்பம் என்று அழுதிருக்கிறார். ஒரு வீட்டாரும் வெளியில் வரவில்லை. 2004 ஏப்ரலில் வெருகலில் புலிகளும் அவர்களிலிருந்து பிரிந்த கருணா அணியும், தமிழனும் தமிழனும் சுட்டுக்கொண்டார்களே, அவன் அங்கிருந்து திரும்பவில்லை.

அன்றைக்குக் காத்தான்குடிக்காக வாய் திறந்திருந்தால் இவன் பிழைத்திருப்பானா என்று இங்குள்ள நண்பர்கள் என்னிடம் வாதிடுகிறார்கள். நான் அறிந்ததைச் சொல்கிறேன். கேட்காமல் இருக்க எங்கள் ஊர் 1990இல் பழகியது. மாமி படலை தட்டியபோது உள்ளே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பழகிப்போனவர்கள்.

2011இல் ஊருக்குப் போனபோதுதான் காத்தான்குடிக்குள் காலடி வைத்தேன். பள்ளிவாசல் சுவரில் சன்னத் துளைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். வயல்காரரின் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அந்த மூவரில் ஒருவன் அன்றிரவு அந்தத் தொழுகையில் நின்றான் என்று அங்கேதான் அறிந்தேன். இருபத்தொரு வருடம் எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கவில்லை.

பாடசாலையின் இந்தப் பழைய மாணவர் மலருக்காக, 1991இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் அணியின் பெயர்ப்பட்டியல் அனுப்பியிருந்தார்கள். மூன்று பெயர்களும் அதில் இல்லை. சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு பேரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதினேன். மூன்றாவது பெயரை, பிழை விடாதே மகன் என்று, அவனுடைய உம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.