பலெர்மோ வண்டியா, கத்தானியா வண்டியா?

ஆடை வடிவமைப்புப் படிப்பின் கடைசிப் பருவத்தில், ஏதேனும் ஒரு நாட்டுப்புறக் கலையை அடிப்படையாக வைத்து ஆறு உடைகள் வரைய வேண்டும். வாய்மொழித் தேர்வில் அவற்றுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். நான் எடுத்தது இத்தாலியின் சிசிலித் தீவில் ஓடிய, சித்திரங்கள் தீட்டிய வண்ணக் குதிரை வண்டி. இத்தாலிய ஆடை நிறுவனமான டோல்சே அண்ட் கபானாவின் 2013 வசந்த-கோடைத் தொகுப்பில் அந்தச் சித்திரங்களைப் பார்த்து மயங்கியதுதான் காரணம். இந்தத் தலைப்பை எடுக்க நினைப்பவர்கள் என்னைப்போல் அங்கேயிருந்து தொடங்காதீர்கள்.

முதல் மதிப்பீட்டுக்கு மஞ்சள் பாவாடை ஒன்றை வரைந்து, கீழே நீள்சதுரக் கட்டங்களில் வீரர்களை ஓடவிட்டிருந்தேன். "இது பலெர்மோ வண்டியா, கத்தானியா வண்டியா?" என்று கேட்டார் தேர்வாளர். "சிசிலி வண்டி" என்றேன். அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். பலெர்மோ, கத்தானியா இரண்டும் சிசிலியின் ஊர்கள். பலெர்மோ வண்டிக்கு மஞ்சள் அடிநிறம், சாய்வான ஓரமுள்ள பக்கப்பலகை. கத்தானியாவில் சிவப்பு அடிநிறம், நீள்சதுரப் பலகை. நான் ஓர் ஊரின் நிறத்தை மற்றோர் ஊரின் பலகையில் பூசியிருந்தேன்!

பிறகு உடையை மூட்டை கட்டிவிட்டு வண்டியைப் படித்தேன். பக்கப்பலகை ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காட்சி. பெரும்பாலும் சார்லமேன் மன்னரின் வீரர்களான ஓர்லாந்தோ, ரினால்தோ கதைகள். சிசிலிப் பொம்மலாட்டமான 'ஓப்பெரா தெய் பூப்பி' சொல்வதும் இதே கதைகளைத்தான். ஆகவே இரண்டையும் சேர்த்தே படியுங்கள். தச்சர், மரச்செதுக்குக்காரர், கொல்லர், ஓவியர் எனப் பல கை பட்டு உருவான வண்டி அது. இருசின் மேலுள்ள பகுதியைக்கூட வேலைப்பாடு இல்லாமல் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

புகைப்படத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து, காட்சியைத் தனியாகவும் ஓரக்கரையைத் தனியாகவும் வரைந்தது எனக்கு மிகவும் உதவியது. காட்சிகளை எடுத்துவிட்டாலும் கரையின் முக்கோணங்களே வண்டியைக் காட்டிக்கொடுத்தன. சக்கரத்தில் 12 ஆரக்கால்கள் இருந்தன. பன்னிரண்டு துண்டுகளை இணைத்த வட்டப் பாவாடை ஒன்றை வரைந்தேன். சக்கரத்தின் நடுக்குடம் இடுப்பில், வெளிப்பட்டை கீழ்விளிம்பில். என் ஆறு உடைகளில் வீரன் இல்லாத உடை அது ஒன்றுதான். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

டோல்சே அண்ட் கபானா நிறுவனத்தின் வரலாறும் கேட்பார்கள். அதன் நிறுவனர் இருவரில் ஒருவரான டொமெனிகோ டோல்சே 1958-இல் பலெர்மோ மாகாணத்தின் பொலிட்சி ஜெனெரோசாவில் பிறந்தவர். அவருக்கு இது சொந்த ஊர்ச் சரக்கு. 2016-இல் ஸ்மெக் நிறுவனத்தோடு சேர்ந்து, சிசிலி ஓவியர்கள் கையால் தீட்டிய 100 குளிர்பதனப் பெட்டிகளை வெளியிட்டார்கள். துணியில் அச்சடிப்பதற்கும் கையால் தீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேச இது நல்ல எடுத்துக்காட்டு.

இறுதித் தேர்வில் பலெர்மோ, கத்தானியா கேள்வி வரவே இல்லை. "குதிரையின் தலையில் அவ்வளவு பெரிய இறகுக் கொண்டை இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்?" என்றார்கள். வண்டியை ஆணி ஆணியாகப் பார்த்த நான், குதிரையைப் பார்க்கவே இல்லை.