நீலத் தாளிலிருந்து கோயில் விதானத்துக்கு

விதானத்தில் ஈரச் சுண்ணாம்பைப் பூசிவிட்டால், வண்ணம் தீட்ட 6 முதல் 8 மணி நேரம்தான் கெடு. அதற்குள் வைத்த வண்ணம் காரையோடு சேர்ந்து பிடித்துவிடும். அப்படிச் சேராமல் போனால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பரோக் காலத்து (பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு) இத்தாலிய ஓவியர்கள் ஒரு கூரைக்காகக் கட்டுக்கட்டாக வரைந்து தள்ளியது இதனால்தான். சாரத்தின்மேல் மல்லாந்து கிடப்பவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

முதலில் மொத்த அமைப்புக்கு ஒரு கிறுக்கல். அடுத்து ஆளை நிறுத்தி, உருவம் உருவமாக சாக் குச்சியால் வரைவார்கள். கூரைக்கு வரையும்போது தலையைவிடக் கால் முக்கியம். கீழிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு உள்ளங்காலும் முழங்காலும் பெரிதாக முன்னால் வரும், மார்பு சுருங்கும், முகத்தில் தாடையும் மூக்குத் துளையும்தான் தெரியும். அதனால் ஒரே தாளில் ஒரே காலை மூன்று நான்கு விதமாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

கறுப்பு சாக் கரிம மண்பாறை, சிவப்பு இரும்புத்தாது கலந்த களிமண். இரண்டும் தோண்டி எடுத்து, குச்சியாக அறுத்து, பித்தளைப் பிடியில் செருகியவை. அந்த ஓவியர்களில் ஒருவரான அன்னிபாலே கராச்சியின் நீலத் தாள் படங்களில் கறுப்பு நிழலுக்கு, வெள்ளை வெளிச்சத்துக்கு. நடுச்சாயலைத் தாளே பார்த்துக்கொள்ளும். குதிகாலின் விளிம்பில் வெள்ளை ஒரு கீற்று, அடியில் கறுப்பு, இடையில் வெறும் நீலம். அந்த வெறும் இடத்தை விடத் தெரியாமல் வெள்ளையையும் கறுப்பையும் தேய்த்துக் கலந்தால் சாம்பல் சேறுதான் மிஞ்சும். சிவப்போடு கலந்தால் இளஞ்சிவப்புச் சேறு. பழகுகிறவர்கள் பாதிப் பேர் கெடுப்பது இங்கேதான்.

நீங்களும் பழக, சென்னை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கும்போது வழவழப்பான சார்ட் வேண்டாம். விரலால் தடவினால் சொரசொரப்புத் தட்டுப்பட வேண்டும், நீலமோ சாம்பலோ எதுவானாலும் சரி. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றில் தாள் நமுத்துப்போகும். நமுத்த தாளில் சிவப்பு அழுந்திப் பதிந்தால் எளிதில் அழியாது. அந்தக் காலத்தில் ரொட்டியின் உள்சதையை உருட்டி ஒற்றி எடுத்தார்கள். இன்றும் அது நல்ல வழிதான்.

தேறிய படத்தின்மேல் கட்டம் போடுவார்கள். தாளில் 2 செ.மீ. கட்டம், கூரையில் 50 செ.மீ. என்றால் 25 மடங்கு. தட்டைக் கூரைக்கு இது போதும். ஏழுகிணறு, சவுகார்பேட்டை பழைய வீட்டு மெட்ராஸ் டெரஸில் (மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை) உத்தரங்களுக்கு நடுவே அப்படியே ஏற்றிவிடலாம். வளைந்த கூரையில்தான் வம்பு. ரோமில் புனித இஞ்ஞாசியார் கோயில் விதான ஓவியத்தை 1694இல் முடித்த அந்திரேயா போட்சோ, 1693இல் அச்சான தன் நூலில் வழி சொல்கிறார்: வளைவு தொடங்கும் மட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் நூல் வலை கட்டு, பார்வையாளன் கண் இருக்கும் இடத்தில் விளக்கு வை, நிழல் விழும் கோடுகளே உன் கட்டம். வெளிச்சம் எட்டாவிட்டால் அந்தப் புள்ளியிலிருந்து வலையைத் தொட்டபடி கூரைவரை நூலை இழுத்துக் குறிக்கலாம்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மெட்ரோ வாட்டர் பிடிக்கும் நீல டிரம் ஓட்டையாகிப் போயிருந்தால் நீளவாக்கில் பாதியாக அறுத்து, உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டி, இரண்டு உயரமான ஸ்டூல்களுக்கு நடுவே கவிழ்த்து வையுங்கள். அகலம் 58 செ.மீ. என்று கொண்டால், விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்கு ஒரு நூல். நூல் மட்டத்தின் நடுவுக்கு நேர்கீழே 1 மீட்டரில் மொபைல் டார்ச். ட்யூப் லைட்டில் நிழல் கலங்கும், சின்ன பல்ப் வேண்டும். உச்சியில் கட்டம் சுமார் 6.5 செ.மீ. வரும், ஓரத்துக் கட்டமோ மேல்நோக்கி 11.5 செ.மீ.வரை நீளும். ஓரத்தில் நிற்கும் தேவதூதனின் காலை எவ்வளவு இழுத்து வரைய வேண்டும் என்பது அதைப் பார்த்தால்தான் விளங்கும். டார்ச்சை ஒரு சாண் நகர்த்தினால் எல்லாம் மாறிவிடும். போட்சோவின் ஓவியம் உள்ள அந்தக் கோயில் தரையில், பார்ப்பவர் நிற்க வேண்டிய இடத்தில் பளிங்கு வட்டம் பதித்திருப்பது இதற்காகத்தான்.

கடைசியில் முழு அளவுத் தாள். பல தாள்களை ஒட்டி, கரியில் வரைந்து, ஒரு நாள் வேலைக்கு ஒரு துண்டாக வெட்டுவார்கள். கோட்டின்மேல் ஊசித் துளையிட்டுக் கரிப்பொடி தட்டுவது ஒரு முறை. வண்ணாரப்பேட்டையில் ஆரி வேலைக்கு டிரேசிங் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் தலைக்கு மேலே தட்டினால் பொடி கண்ணில்தான் விழும். பரோக் ஓவியர்கள் பெரும்பாலும் மழுங்கிய ஆணியால் தாள்மேலேயே அழுத்திக் கோடிழுத்தார்கள். காரை இளசாக இருந்தால் தாள் ஒட்டிக்கொண்டு கிழியும், முற்றிவிட்டால் கோடு விழாது. விரலை வைத்தால் தடம் பதிய வேண்டும், காரை விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

ஈரத்திலும் ஆணியிலும் மாட்டிய அந்தப் பெரிய தாள்கள் அநேகமாகக் குப்பைக்குப் போயின. அரண்மனைக் கூரை ஒன்றுக்கு அன்னிபாலேயின் அண்ணன் அகஸ்தீனோ கராச்சி வரைந்த இரண்டு, லண்டன் நேஷனல் கேலரியில் தப்பிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 4 மீட்டர் அகலம். சின்னத் தாள்களுக்குப் பஞ்சமில்லை: பரோக் ஓவியர் டொமினிகினோ வரைந்தவை மட்டும் இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனையில் 1,700க்கு மேல். இணையத்தில் இந்த மாதிரித் தாள்களைப் பார்க்கும்போது உருவத்தின்மேல் கட்டக்கோடு ஓடுகிறதா என்று கவனியுங்கள். கோடு இருந்தால், பெரிதாக்குவதற்கென்று தேர்வான தாளாக அது இருக்க வாய்ப்பு அதிகம்.