எல்ப்ரூஸ் எந்தக் கண்டத்தில் இருக்கிறது?

ஐரோப்பாவின் மிக உயரமான மலை எது? பொது அறிவுப் புத்தகங்களில் இதற்கு இரண்டு விடைகள் உலவுகின்றன. ஒன்று, ரஷ்யாவின் காகசஸ் மலைத்தொடரில் உள்ள எல்ப்ரூஸ், 5,642 மீட்டர். இன்னொன்று, ஆல்ப்ஸின் மோன் பிளாங், சுமார் 4,806 மீட்டர். உச்சியில் பனி கூடிக் குறைவதால் அளக்கும்போதெல்லாம் மோன் பிளாங்கின் உயரம் கொஞ்சம் மாறும். ஆனால் விடை இரண்டாக இருப்பதற்கு அது காரணமில்லை. ஐரோப்பா எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாமலேயே கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னால் ஒரே விடைதான்.

ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் இந்தக் கோடு பழையது, ஆனால் ஒரே இடத்தில் நின்றதில்லை. பண்டைக் கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ் காலத்திலேயே ஃபாசிஸ் ஆறுதான் எல்லை என்று ஒரு சாராரும் (இன்று ஜார்ஜியாவில் ரியோனி என்ற பெயரில் ஓடுவது அது), தனாய்ஸ், அதாவது இன்றைய டான் ஆறுதான் என்று இன்னொரு சாராரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே நிலத்துக்கு எதற்கு (ஐரோப்பா, ஆசியா, லிபியா என்று) மூன்று பெயர் என்றுகூட அவர் கேட்டார். அவர் கேள்வி நியாயமானது, பதில்தான் கிடைக்கவில்லை. பிறகு பல நூற்றாண்டுகளுக்கு டான் ஆறே எல்லையாக இருந்தது. வடக்கே போகப் போக அந்த ஆறு எங்கே தொடங்குகிறது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது வரைபடம் போடுகிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. அதனால் யாருக்கும் சிக்கல் எழவில்லை.

யூரல் மலைக்குக் கோடு நகர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். 1709இல் பொல்தாவா போரில் பிடிபட்டு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட ஸ்வீடன் ராணுவ அதிகாரி ஸ்ட்ராலன்பெர்க், ஊர் திரும்பி 1730இல் வெளியிட்ட நூலில் யூரலை எல்லையாக்கினார். அந்த யோசனையே தன்னுடையதுதான் என்று ரஷ்ய அதிகாரியும் வரலாற்றாளருமான தத்தீஷ்ச்செவ் பின்னால் எழுதினார். 1721இல் ரஷ்யா தன்னைப் பேரரசு என்று அறிவித்துக்கொண்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்ற ஐரோப்பியப் பேரரசுகளைப் போலத் தனக்கும் ஐரோப்பாவில் ஒரு தாய்நிலமும் ஆசியாவில் ஒரு குடியேற்றமும் இருப்பதாகக் காட்ட இந்தக் கோடு வசதியாக இருந்தது. யூரல் இரு நிலப்பாளங்கள் மோதி எழுந்த பழைய மலைதான். ஆனால் இன்று அதன் இருபுறமும் ஒரே யூரேசியத் தட்டு. நிலவியலை மட்டும் வைத்து அங்கே கண்ட எல்லை போட முடியாது.

யூரல் மலை இருக்கும் வரை தகராறு குறைவு. மலை தெற்கே வந்து புல்வெளியில் கரையும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து காஸ்பியன் கடல் வரை யூரல் ஆற்றைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலானோர் வழக்கம். ஓர்ஸ்க் அருகே மேற்கே திரும்பி, கசகஸ்தானின் ஓரல் நகரத்தருகே மறுபடி தெற்கே திரும்பி, அத்திராவ் நகரைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. அத்திராவின் பாலத்தில் ஒரு கரையில் ஐரோப்பா என்றும் மறுகரையில் ஆசியா என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஆற்றின் பெயரே யாயிக் என்பதுதான். அந்த ஆற்றங்கரையில் கிளம்பிய புகச்சோவ் கலகத்தை அடக்கிய பிறகு, அந்த நினைவே இருக்கக் கூடாது என்று 1775இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் யூரல் என்று மாற்றினார். சோவியத் புவியியல் சங்கம் 1958இல் வேறொரு கோட்டைப் பரிந்துரைத்தது: யூரலின் கிழக்கு அடிவாரம், பிறகு எம்பா ஆறு. ஒரு மலைத்தொடரை நடுவில் வெட்டாமல் முழுசாக ஒரு பக்கம் வைக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

காகசஸ்தான் உண்மையான சிக்கல். அங்கே மூன்று கோடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, மலைக்கு வடக்கே அசோவ் கடலுக்கும் காஸ்பியனுக்கும் நடுவில் கிடக்கும் கூமா–மானிச் தாழ்நிலம். ஒரு காலத்தில் இரு கடல்களையும் இணைத்த நீர்வழி அது. சோவியத் பரிந்துரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. இந்தக் கோட்டின்படி காகசஸ் முழுவதும் ஆசியா, எல்ப்ரூஸும் ஆசியா, ஆகவே மோன் பிளாங் வெல்கிறது. இரண்டாவது, பெருங்காகசஸின் நீர்பிரி முகடு. மழை விழுந்தால் வடக்கே ஓடும் பக்கம் ஐரோப்பா, தெற்கே ஓடும் பக்கம் ஆசியா. எல்ப்ரூஸ் இந்த முகட்டுக்குச் சற்று வடக்கே தள்ளி நிற்கிறது. அதன் பனியாறுகள் குபான் வழியாக அசோவுக்கும், பக்சான், மல்கா, தெரெக் வழியாகக் காஸ்பியனுக்கும் போகின்றன. ஆக, எல்ப்ரூஸ் ஐரோப்பா. மூன்றாவது, மலையையே விட்டுவிட்டு நாடுகளின் தெற்கு எல்லையைப் பிடித்து ஜார்ஜியா, ஆர்மீனியா, அஸர்பைஜான் மூன்றையும் ஐரோப்பாவில் சேர்ப்பது.

நீர்பிரி முகடு ரஷ்ய–ஜார்ஜிய எல்லையோடு பெரும்பாலும் ஒத்துப்போகும், முழுக்க அல்ல. தப்பு நடப்பது இங்கேதான். ஸ்தெபான்ட்ஸ்மிந்தா ஊர் ஜார்ஜியாவில் இருந்தாலும் தெரெக் ஆற்றின் கரையில், முகட்டுக்கு வடக்கே இருக்கிறது. விதியைக் கறாராகப் பிடித்தால் அது ஐரோப்பா, தலைநகர் திபிலிசி ஆசியா. அஸர்பைஜானின் கூபா பகுதியும் இப்படித்தான். கிழக்கே பாகு நகரம் இருக்கும் அப்ஷெரோன் தீபகற்பத்தில் மலையே தணிந்து மறைந்துவிடுகிறது. அங்கே கோட்டை எந்த இடத்தில் கடலில் இறக்குவது என்பது வரைகிறவர் கைவாகுதான். வரைபடத்தில் அரசியல் எல்லைக்கு வண்ணம் தீட்டிவிட்டு, அடிக்குறிப்பில் ‘காகசஸ் முகடு’ என்று எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. இரண்டும் வேறு வேறு கோடுகள்.

ஏழு கண்டங்களின் ஏழு சிகரங்களை ஏறுகிறவர்கள் இதை ஒருவழியாகத் தீர்த்துக்கொண்டார்கள். 1985இல் முடித்த அமெரிக்கர் டிக் பாஸின் பட்டியலிலும் இத்தாலிய மலையேறி மெஸ்னரின் பட்டியலிலும் எல்ப்ரூஸ்தான். அவர்கள் சண்டை வேறு இடத்தில்: ஆஸ்திரேலியாவின் 2,228 மீட்டர் கோசியஸ்கோவா, நியூகினித் தீவின் 4,884 மீட்டர் புஞ்சாக் ஜெயாவா என்பது. அதுவும் கண்டத்தின் விளிம்பு எது என்ற அதே கேள்விதான். சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று மோன் பிளாங்கையும் சேர்த்து ஏறிவிடுகிறவர்கள் உண்டு.

எண்ணிக்கையிலும் இதே கதை. ஐ.நா. புள்ளியியல் பிரிவின் எம்49 வகைப்பாட்டில் வாத்திக்கானையும் சேர்த்து ஐரோப்பாவில் 44 நாடுகள். அதில் ரஷ்யா முழுவதும், விளாதிவோஸ்தோக் வரை, கிழக்கு ஐரோப்பா. துருக்கி, சைப்ரஸ், காகசஸின் மூன்று நாடுகள் எல்லாம் மேற்காசியா. ஐரோப்பிய கவுன்சிலில் (ஐரோப்பிய ஒன்றியம் வேறு, இது வேறு) 2022இல் ரஷ்யாவை நீக்கிய பிறகு 46 உறுப்பினர்கள், துருக்கியும் ஜார்ஜியாவும் உட்பட. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவில் 55. இஸ்ரேலும் கசகஸ்தானும் அங்கே ஆடுகின்றன, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தனித்தனியே. இந்த மூன்று எண்களில் எது சரி என்று கேட்பதற்கே பொருளில்லை. எம்49 தன் பிரிவுகள் புள்ளிவிவர வசதிக்காகத்தான், அரசியல் சார்பைக் குறிப்பதில்லை என்று தானே சொல்கிறது. அதை மேற்கோள் காட்டி ‘சைப்ரஸ் ஆசியா என்று ஐ.நா.வே சொல்லிவிட்டது’ என்று வாதாடுகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் 1987இல் மொராக்கோவின் விண்ணப்பத்தை, அது ஐரோப்பிய நாடல்ல என்று திருப்பி அனுப்பியது. 2004இல் ஒன்றியம் சைப்ரஸைச் சேர்த்துக்கொண்டது.

கண்டங்கள் ஏழு என்பதும் நம் பாடப்புத்தகப் பழக்கம்தான். லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் அமெரிக்கா ஒரே கண்டம். ரஷ்யாவில் யூரேசியாவை ஒரே நிலப்பரப்பாகவும், ஐரோப்பா, ஆசியாவை ‘உலகின் பகுதிகள்’ என்றும் தனித்தனியாகக் கற்பிக்கிறார்கள். எனக்கு அது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

கண்டத்துக்கு யாரும் அதிகாரி இல்லை. நாட்டின் பெயருக்கு ஓரளவு உண்டு. ஒரு அரசு தன் பெயரை ஐ.நா.வுக்கு எழுத்தில் தெரிவிக்கிறது, ஐ.நா. பதிவு செய்கிறது, அங்கிருந்து நாடுகளுக்குக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசத் தரப்பட்டியலுக்குப் போகிறது. துருக்கி 2022 ஜூனில் தன் பெயரை ஆங்கிலத்திலும் ‘துர்க்கியே’ என்றே எழுதக் கேட்டபோது இப்படித்தான் நடந்தது. கடிதம் போனது, ஒப்புக்கொண்டார்கள். வேறு யாரும் ஆட்சேபிக்காதவரை இது அலுவலக வேலை மட்டுமே.

ஆட்சேபித்தால் என்ன ஆகும் என்பதற்கு மாசிடோனியா. 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதும், தெசலோனிக்கியைத் தலைநகராகக் கொண்ட தன் வடமாகாணத்தின் பெயர் அது என்று கிரேக்கம் எதிர்த்தது. 1993 ஏப்ரலில் பாதுகாப்பு அவையின் 817ஆம் தீர்மானத்தின்படி ‘முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு’ என்ற தற்காலிகக் குறிப்போடு ஐ.நா.வில் சேர்ந்தது. பொது அவையில் ஆங்கில அகரவரிசைப்படி ‘எம்’ எழுத்தில் உட்காரவும் வழியில்லை. முன்னால் நின்ற ஆங்கிலச் சுட்டுச்சொல்லின் முதலெழுத்தை வைத்து தாய்லாந்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். 1994இல் கிரேக்கம் வணிகத் தடை விதித்தது. 1995இல் ஓர் இடைக்கால ஒப்பந்தம் வந்தது, கொடி மாறியது, பெயர் மாறவில்லை. 2008இல் நேட்டோ அழைப்பை கிரேக்கம் தடுத்தது. அது ஒப்பந்த மீறல் என்று 2011இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் கதவு திறக்கவில்லை.

இரு நாடுகளும் செய்துகொண்ட 2018 ஜூன் 17 பிரெஸ்பா ஒப்பந்தத்தில்தான் ‘வட மாசிடோனியா’ முடிவானது. மாசிடோனியாவின் பொதுவாக்கெடுப்பில் வாக்களிக்க வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு, ஆனால் வந்தவர்களே சுமார் 37 சதவீதம். கிரேக்க நாடாளுமன்றத்தில் 300க்கு 153 வாக்கில் தப்பியது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தின் நுணுக்கங்களில்தான் எழுதுகிறவர்கள் சறுக்குகிறார்கள். நாட்டின் பெயர் மட்டுமே மாறியது. மொழி மாசிடோனிய மொழியே. ‘வட மாசிடோனிய மொழி’ என்று ஒன்று கிடையாது. அரசுத் துறைகளைச் சொல்லும்போது ‘வட மாசிடோனியாவின்’ என்று எழுத வேண்டும். எம்.கே. என்ற நாட்டுக் குறியீடு நீடிக்கிறது, வண்டி எண் பலகையில் மட்டும் என்.எம்.கே. ஆனது. 1996 ஒலிம்பிக் பற்றி எழுதும்போது ‘வட மாசிடோனியா’ என்று போடுவதும் பிழை. அந்தந்த ஆண்டில் இருந்த பெயரையே போட வேண்டும்.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: சில நாடுகள் பெயரை மொழிபெயர்க்கலாம் என்கின்றன, சில கூடாது என்கின்றன. ‘வட’ என்பதை மொழிபெயர்க்கலாம், தெற்கு சூடானும் அப்படியே. கோட் டிவாரும் கபோ வெர்தேயும் எந்த மொழியிலும் மொழிபெயர்க்காதீர்கள் என்று கேட்டிருக்கின்றன. ஆகவே ‘தந்தக் கடற்கரை’ வேண்டாம். ஜார்ஜியா ஜப்பானிடம் ரஷ்ய வழிப் பெயரை விடச் சொல்லி, 2015இல் ஜப்பான் மாற்றியது. மறுபுறம், 1972இல் சிலோன் ஸ்ரீ லங்கா ஆனபோது தமிழில் எழுதுகிறவர் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை. துருக்கியையும் நான் துருக்கி என்றே எழுதுவேன். அங்காரா கேட்டது ஆங்கிலம் போன்ற மொழிகளில் உள்ள வடிவத்தைப் பற்றி.

தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் நாட்டின் பெயரைப் பதிவை அடையாளம் காட்டும் திறவுகோலாக வைக்கவே கூடாது. ஐஎஸ்ஓவின் எழுத்துக் குறியீடு பெயர் மாறினால் மாறக்கூடும், எண் குறியீடு நிலப்பரப்பு மாறினால்தான் மாறும். பர்மா 1989இல் மியான்மர் ஆனபோது பி.யூ. என்பது எம்.எம். ஆனது, 104 என்ற எண் நின்றது. சூடானில் நேர்மாறு: 2011இல் தெற்கு பிரிந்ததும் எஸ்.டி. நின்றது, 736 என்பது 729 ஆனது. சுவாசிலாந்து 2018இல் எசுவாத்தினி ஆனபோது எதுவும் மாறவில்லை. மிகப் பெரிய பொறி சி.எஸ். என்ற குறியீடு. 1992 வரை அது செக்கோஸ்லோவாக்கியா. 2003இல் அதையே எடுத்து செர்பியா–மொண்டெனேகுரோவுக்குக் கொடுத்தார்கள், 2006இல் அந்த நாடும் பிரிந்தது. பழைய கோப்பில் சி.எஸ். கண்டால் ஆண்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.