அழும் பசுவைப் பார்க்கப் போகிறோம்

2023 ஜூலை 9, ஞாயிறு, திண்டிவனம்

அல்ஜீரியா என்று முடிவாகிவிட்டது. தொலைபேசியில் சொன்னதும் தங்கை, "நைஜீரியாவா அக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள். மகள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "துபாய்க்குப் போய்விட்டு வாயேன் அம்மா, அதுவும் பாலைவனம்தானே?" என்றாள்.

வரைபடத்தில் மத்தியதரைக் கடலின் தென்கரையில் தொடங்கி சகாராவின் நடுப்பகுதி வரை இறங்கும் நாடு அது. 2011-இல் சூடான் இரண்டாகப் பிரிந்தபின் ஆப்பிரிக்காவிலேயே பெரிய நாடு. மேற்கே மொராக்கோவிலும் கிழக்கே துனிசியாவிலும் சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். நடுவில் இருக்கும் இந்த நாட்டுக்கு வெளியார் குறைவாகவே போகிறார்கள். 1990-களில் நடந்த உள்நாட்டுப் போர் ஒரு காரணம், எளிதில் கிடைக்காத விசா இன்னொரு காரணம். இந்த ஆண்டு முதல் தெற்கே சகாராவுக்குப் போகிறவர்களுக்கு, உள்ளூர்ப் பயண நிறுவனம் ஒன்று முன்கூட்டியே அனுமதி பெற்றுத் தந்தால், வந்திறங்கும் விமான நிலையத்திலேயே விசா கொடுக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தபோது நூலகத்தில் ஒரு புகைப்படம் பார்த்தேன். பாறையில் செதுக்கிய மாடுகள். நீண்ட கொம்புகள், தாழ்ந்த தலைகள், கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு. தண்ணீர் குடிக்க வந்த மாடுகள், நீர் வற்றிப்போயிருப்பதைக் கண்டு அழுகின்றன என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்களாம். கொம்பிலிருந்து தாடை வரை இறங்கும் அந்தக் கோட்டில் தயக்கமே இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தேன். அப்படி ஒரு கோட்டை நானும் போட்டதில்லை, என் மாணவர்களும் போட்டதில்லை. அந்தப் பாறை ஜானெத் என்ற பாலைவனச் சோலை ஊருக்கு அருகே, தெகர்கர்த் என்ற இடத்தில் மணல் நடுவே நிற்கிறது.

உடன் வருபவர் எங்கள் பள்ளியில் வரலாறு எடுத்த டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன், அவரும் என்னை அப்படியே.

2023 ஜூலை 29, சனி

இன்று மொகரம் விடுமுறை. இதே நாட்களில் ஜானெத்தில் செபீபா நடக்கிறது. அந்தச் சோலையின் இரண்டு குடியிருப்புகளைச் சேர்ந்த, சகாராவின் பழங்குடிகளான துவாரெக் மக்கள், ஆண்கள் வாளேந்தியும் பெண்கள் பறை கொட்டிப் பாடியும் எதிரெதிரே நின்று ஆடும் விழா. 2014-இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் போகும்போது அது இருக்காது. கோடையில் அங்கே போவது புத்திசாலித்தனமல்ல என்பதால் அதை விட்டுவிட்டோம். நவம்பர் முதல் மார்ச் வரைதான் உகந்த காலம். மார்ச் இரண்டாம் வாரம் ரமலான் நோன்பு தொடங்கிவிடும். ஆகவே ஜனவரி, பொங்கல் முடிந்ததும்.

மூன்று நாட்களுக்கு முன் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. ஜானெத்திலிருந்து நைஜர் எல்லையும் லிபிய எல்லையும் தொலைவில் இல்லை. மகள் வரைபடத்தை அனுப்பி எல்லைக்கோட்டின் மேல் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். அவள் பயம் நியாயமானது. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. தெற்கில் வெளிநாட்டார் தனியாகச் சுற்ற முடியாது, வழிகாட்டி கட்டாயம், எங்கே போகிறோம் என்பது அதிகாரிகளிடம் எழுத்தில் இருக்கும் என்று விளக்கினேன். டிசம்பர்வரை செய்தியைக் கவனிப்போம், நிலைமை கெட்டால் போகமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு

டீச்சரை அழைத்துக்கொண்டு கீழ்வாலைக்குப் போய்வந்தேன். விழுப்புரத்துக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே குவிந்துகிடக்கும் உருண்டைப் பாறைகள். உள்ளே செங்காவியில் மனித உருவங்கள், சிலவற்றுக்குப் பறவை மூக்கு. பக்கத்துப் பாறையில் யாரோ வெள்ளைப் பெயிண்டில் காதலி பெயரை எழுதியிருக்கிறார்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று டீச்சரிடம் சொன்னேன். 1994-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்தேன். உருவங்கள் மங்கலாக இருந்தன. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, கைக்குட்டையை நனைத்து, பாறைமேல் ஒற்றினேன். காவி பளிச்சென்று எழுந்து வந்தது. பிள்ளைகள் "ஐ!" என்று கத்தினார்கள். அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஈரம் அந்த நிறத்துக்கு என்ன செய்யும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன்.

தாசிலியிலும் இதுவே நடந்திருக்கிறது. ஜானெத்தை ஒட்டிய அந்த மணற்பாறைப் பீடபூமியின் முழுப்பெயர் தாசிலி நாஜெர். 1956-லும் 57-லும் ஹென்றி லோத் என்ற பிரெஞ்சுக்காரர் ஓவியர்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். மாதக்கணக்கில் தங்கி நூற்றுக்கணக்கான ஓவியங்களைப் படியெடுத்து, பாரிஸில் கண்காட்சி வைத்தார். உலகம் தாசிலியை அறிந்தது அதனால்தான். ஆனால் கோடு தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுவர்களை நனைத்துத் துடைத்தார்கள். பல ஆயிரம் ஆண்டுகள் தாங்கிய நிறம் அதன்பின் பல இடங்களில் மங்கிப்போனது. படிகளில் சில போலி என்ற குற்றச்சாட்டும் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டிய ஜெப்ரீன் என்ற துவாரெக் முதியவருக்கு அந்தப் பாறைகள் ஒவ்வொன்றும் தெரியும். அவர் பெயர் அவ்வளவாக வெளியே வரவில்லை.

லோத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் கைக்குட்டை நினைவுக்கு வருகிறது.

2023 செப்டம்பர் 17, ஞாயிறு

இரண்டு நிறுவனங்களுக்கு எழுதினோம். முதலாவது முன்பணம் கேட்டது, கேள்வி கேட்டதும் பதில் நின்றுபோனது. இரண்டாவது ஜானெத்திலேயே உள்ள ஒரு துவாரெக் குடும்பம் நடத்துவது. பிரெஞ்சில் எழுதுகிறார்கள், நாங்கள் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கிறோம். அவர்கள் முதலில் கேட்டது பணத்தை அல்ல, எங்கள் வயதையும் முழங்காலையும்.

2023 அக்டோபர் 8, ஞாயிறு

செஞ்சி ராஜகிரிக்கோட்டை. காலையிலேயே ஏறத் தொடங்கினோம். தாசிலி மேட்டுக்கு வண்டிப்பாதை கிடையாது. சாமான்களைக் கழுதைகள் சுமக்கும், மனிதர்கள் கணவாய் வழியாக நடந்து ஏறவேண்டும். மேலே போனபின் நாள்தோறும் நடை, இரவில் கூடாரம். ராஜகிரியை ஏறி இறங்கி, மறுநாளும் நடக்க முடிந்தால் மேட்டுக்குப் போகலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஏறிவிட்டேன். இறங்கும்போது வலது முழங்கால் வேலையை நிறுத்திவிட்டது. பாதி வழியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் என் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஆக, செஃபார் எனக்கில்லை. மேட்டின்மேல் பாறைகளே தெருக்களாகவும் சந்துகளாகவும் நிற்கும் இடம் அது. சுவரில் ஆளைவிடப் பெரிய ஓர் உருவம் கைகளை உயர்த்தி நிற்கிறது, சுற்றிலும் சிறு மனிதர்கள். பாறை ஓவியங்கள் நிறைந்த ஜப்பாரெனும் இல்லை. தாம்ரித் பள்ளத்தாக்கின் தாரூத் மரங்களும் இல்லை. தாரூத் என்பது சைப்ரஸ் வகை. உலகத்திலேயே தாசிலியில் மட்டும், இருநூற்றுச் சொச்சம் மரங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. சிலவற்றுக்கு வயது 2,000-க்கு மேல். சகாரா ஈரமாக இருந்த காலத்தின் வழிவந்த மரத்தின் பட்டையை ஒருமுறை தொட்டுப்பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"நீங்கள் மட்டும் மேலே போய்வாருங்கள் டீச்சர், நான் ஜானெத்தில் இருக்கிறேன்" என்றேன். "முப்பது வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். இப்போது தனித்தனியாகவா?" என்றார்.

இரவு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதேன். எழுதுவதில் வெட்கமில்லை.

2023 அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. ஜானெத்திலிருந்து புதிய திட்டம் வந்தது. எட்டு நாட்கள், எல்லாம் ஜீப்பில். தெற்கே செம்மணல் மேடுகள் நிறைந்த தத்ரார்த், அங்கே பாறையில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் செதுக்கியிருக்கிறார்கள். வடக்கே எசென்திலேன் பள்ளத்தாக்கு. அதன் கோடியில் வற்றாத ஒரு சுனை, அரளிப் புதர்கள். இப்படிப்பட்ட சுனையைக் கெல்தா என்கிறார்கள். தாசிலியின் கெல்தாக்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை முதலைகள் இருந்தன. சகாராவில் முதலை! கடைசி நாள் மாலை, தெகர்கர்த். பசுவைக் கடைசியில் வையுங்கள் என்று நான்தான் கேட்டேன்.

டீச்சர் திம்காத்துக்காக வாதாடினார். கி.பி. 100-இல் ட்ராஜன் பேரரசர் அமைத்த ரோமானிய நகரம், சதுரங்கப் பலகைபோல் தெருக்கள். கான்ஸ்டன்டீன் என்ற நகரத்தின் தொங்குபாலங்கள், ம்ஸாப் பள்ளத்தாக்கின் ஐந்து மதில் ஊர்கள் என்று அவர் பட்டியல் நீண்டது. எல்லாம் பார்க்கவேண்டியவைதான். ஆனால் ஜானெத்துக்கும் அல்ஜியர்ஸுக்கும் இடையே சாலைவழி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு ஓடினால் எதன் முன்னாலும் உட்கார முடியாது. எனக்குப் பாறை முன்னால் உட்காரவேண்டும், நோட்டுப் புத்தகத்தோடு, நிழல் நகரும் வரை. அல்ஜியர்ஸின் பழைய நகரமான காஸ்பாவுக்கு இரண்டு நாள் என்று சமாதானமானோம். திம்காத்தை விட்டதில் அவருக்கு வருத்தம் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

2023 நவம்பர் 19, ஞாயிறு

பணம்: என் ஏலச்சீட்டு முடிந்தது, டிக்கெட் எடுத்தாயிற்று. சென்னை, தோஹா, அல்ஜியர்ஸ், பிறகு உள்நாட்டு விமானத்தில் ஜானெத். நம் வங்கி அட்டையை அங்கே நம்பமுடியாது. யூரோவாகக் கையில் கொண்டுபோய் தினாராக மாற்றவேண்டும்.

குளிர்: ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். பாலைவனம் என்றால் வெயில் என்றே நினைத்திருந்த தங்கை, கம்பளிக் குல்லாய் பின்னித் தருகிறாள்.

சாப்பாடு: டீச்சர் சைவம். அவர்கள் பதில் எங்களை மகிழ்வித்தது. கூஸ்கூஸ் என்னும் ரவைச் சோற்றோடு காய்கறிக் குழம்பு, பருப்பு சூப், பேரீச்சை. இவற்றோடு தகெல்லா. ரவை மாவைப் பிசைந்து தட்டி, நெருப்பு எரிந்த சூடான மணலுக்குள் புதைத்துச் சுடும் ரொட்டி. மணலைத் தட்டி, கழுவி, பிய்த்துக் குழம்பில் ஊறவைப்பார்கள். "நம் ரவை!" என்று டீச்சர் குழந்தைபோல் சொன்னார்.

துவாரெக் மொழியில் இரண்டு சொற்கள் கற்றிருக்கிறேன். நன்றிக்கு தனெம்மிர்த். தண்ணீருக்கு அமான்.

2023 டிசம்பர் 5, செவ்வாய்

மிக்ஜாம் புயல். நேற்று முழுவதும் சென்னை விமான நிலையம் மூடிக்கிடந்தது. வேளச்சேரியில் தங்கை வீட்டின் கீழ்த்தளம் தண்ணீரில். அவள் மாடியில் பக்கத்து வீட்டாரோடு இருக்கிறாள். மின்சாரம் இல்லை, செல்பேசியில் உயிர் இல்லை. இன்று மதியம் யாருடைய செல்பேசியிலிருந்தோ பேசினாள். "குடிக்கத்தான் தண்ணீர் இல்லை அக்கா" என்றாள்.

மகனையொத்த பழைய மாணவன் ஒருவன் படகோடு போனவர்களிடம் சொல்லி, மாலையில் கேன் போய்ச்சேர்ந்தது. அதுவரை நான் உட்காரவில்லை.

இரவு புத்தகத்தை எடுத்தேன். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை சகாராவில் புல்லும் ஏரியும் இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திரும்பும் விதத்தால் கோடை வெயில் வடக்கே கூடியது. பருவக்காற்று மழையை அங்கே கொண்டுபோனது. அச்சு மேலும் திரும்பியதும் காற்று தெற்கே பின்வாங்கியது. மாடு மேய்த்தவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாறையில் வரைந்த மாடுகள் மட்டும் அங்கேயே நின்றன. பின்னாளில் வந்தவர்கள் குதிரையை வரைந்தார்கள், அதற்கும் பின்னால் வந்தவர்கள் ஒட்டகத்தை.

பயணம் வேண்டாமென்று இருக்கலாமா என்று தங்கையிடம் கேட்டேன். அவள் கோபப்பட்டாள். குல்லாய் நனையாமல் இருக்கிறதாம்.

2024 ஜனவரி 5, வெள்ளி

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. பிரெஞ்சிலும் அரபியிலும் முத்திரையோடு. நான்கு பிரதி எடுத்தோம். சென்னையில் விமானம் ஏறும்போதே இதைக் காட்டவேண்டும். மகள் அதை வரி வரியாகப் படித்துவிட்டு, "சரி, போய்வா" என்றாள். ஜூலைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் இன்றுதான் வந்தது.

2024 ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மறுநாள் மறுநாள் என்று எண்ணி, இன்னும் மூன்றே நாட்கள்.

காலையில் எதிர்வீட்டுத் தொழுவத்துக்குப் போனேன். மூன்று மாடுகளையும் குளிப்பாட்டி, கொம்புக்கு ஒன்றில் நீலமும் ஒன்றில் சிவப்பும் பூசியிருந்தார்கள். மூன்றாவதுக்கு என்னைப் பூசச் சொன்னார்கள். கிழப்பசு அது, பொறுமையாக நின்றது. பூசிமுடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து அதன் தலையை வரைந்தேன். கொம்பிலிருந்து நெற்றி, நெற்றியிலிருந்து தாடை. ஆறு முறை வரைந்தும் கண்ணின் கீழ் வளைவு சரியாக விழவில்லை. பெட்டியில் இரண்டு நோட்டும் பன்னிரண்டு பென்சிலும் வைத்திருக்கிறேன். நாலாவது பக்கத்தில் இந்தப் பசு இருக்கிறது. தெகர்கர்த்தில் அதன் எதிர்ப்பக்கத்தைத் திறப்பேன். தண்ணீர்ப் பாட்டிலை ஜீப்பிலேயே விட்டுவிட்டு நடக்கவேண்டும் என்று டீச்சரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.