துவைகல்லின் மேல் ஒரு கைபேசி

பேராவூரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர், கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12 ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்து மலர் தூவும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்ப்பதற்குள் ஊரில் இரண்டு கல்யாணம் நடந்து முடிந்திருக்கும். கைபேசிச் சிக்னலும் அதே கால்வாய் வழியாகத்தான் வருகிறதோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. வீட்டுக்குள் ஒரு கோடுகூட நிற்காது. திண்ணையில் ஒன்று வந்து வந்து போகும். கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் கிடக்கும் துவைகல்லின் மேல் மட்டும் மூன்று கோடுகள் அசையாமல் நிற்கும். ஆகவே எங்கள் வீட்டில் யாரோடு பேசுவதானாலும் கல்லுக்குப் போக வேண்டும். அங்கே பேசுவதை வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் இரண்டு வீடுகளும் கேட்கும் என்பதால், எங்களுக்கு இரகசியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

அம்மா கைக்குக் கைபேசி வந்ததற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 ஆம் தேதி விடியற்காலையில் அது கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் பாதித் தென்னைகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு நான்கு நாள் எங்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் நான் தஞ்சாவூர் வரை போய் அவளை அழைத்தேன். முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அம்மாவுக்குத் தொடுதிரைக் கைபேசி ஒன்றை வாங்கிவந்தாள். கோபுரத்துக்கே மின்சாரம் இல்லாதபோது கையில் எந்தக் கைபேசி இருந்து என்ன பயன் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை அவள் பதில் சொல்லவில்லை.

அம்மா விடியற்காலை நான்கரை மணிக்கு எழுபவர். அப்போது சிங்கப்பூரில் மணி ஏழு என்பதால் தங்கைக்குத் தொந்தரவில்லை. துபாயில் இருக்கும் தம்பிக்கோ அது அதிகாலை மூன்று மணி. 'அவனும் வெளிநாடுதானே, அங்கேயும் விடிந்திருக்கும்' என்பது அம்மாவின் கணக்கு. தூக்கம் கெட்ட தம்பிதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் வித்தையை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தான். அதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டான். ஒலிவாங்கிப் படத்தை அழுத்திய விரலைச் சற்று மேலே நகர்த்திவிட்டால் பதிவு தானாகப் பூட்டிக்கொண்டு, விரலை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சென்ற ஆவணியில் ஒரு காலை, வரும்போது கோடாலித் தைலம் வாங்கிவரச் சொல்லித் தங்கைக்கு ஒரு வரி அனுப்புவதற்காக அம்மா கல்லுக்குப் போனார். தங்கையின் பெயருக்கு மேலே எங்கள் சொந்தபந்தக் குழு இருந்தது. அதில் எழுபத்து மூன்று பேர். விரல் அங்கே பட்டு, மேலே நகர்ந்து, பூட்டிக்கொண்டது. தைலத்தைப் பற்றிச் சொல்லி முடித்தவர், கைபேசியைக் கல்லிலேயே வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது ஏதோ ஓடிக்கொண்டிருக்கவே, அதை நிறுத்துவதாக நினைத்துப் பச்சை அம்பை அழுத்தினார். முப்பத்தோரு நிமிடக் குரல் பதிவு, துவைகல்லின் முழு வேகத்தில், நான்கு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதை நான் முழுவதும் கேட்டிருக்கிறேன். முதல் ஏழு நிமிடங்கள் கோழியைத் திட்டுவது. அடுத்து மல்லிப்பட்டினத்திலிருந்து எக்செல் வண்டியில் வரும் மீன்காரரோடு மடவை விலைக்காக நடந்த பேரம். அதில் மீன்காரர் இரண்டு முறை கோபித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டு, இரண்டு முறையும் திரும்பி வந்தார். கன்று ஈன்று பத்து நாளான எங்கள் மாடு இடையிடையே கத்திக்கொண்டிருந்தது. இருபத்து நான்காம் நிமிடத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நிற்க, பேச்சு மொய்க்குத் திரும்பியது.

எங்கள் பக்கத்து மொய் விருந்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடி பிறந்தால் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைத்து, வந்தவர்கள் செய்யும் மொய்யை நோட்டில் எழுதி வாங்குவது இங்கே வழக்கம். அது அன்பளிப்பு அன்று, கணக்கு. ஒருவர் நமக்குச் செய்ததை அவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். அதற்கு மேல் வைப்பது புதுநடை, அதை அவர் பிறகு நமக்குத் திருப்ப வேண்டும். அந்த நோட்டை எங்கள் வீட்டில் நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம். வாங்கியதைவிடக் குறைத்துச் செய்தவரின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். "பத்தாயிரம் செஞ்சோம். நம்ம விருந்துக்கு வந்து ரெண்டு தடவ எலும்பு கேட்டு வாங்கித் தின்னுட்டு, அஞ்சாயிரத்த வச்சிட்டுப் போயிட்டாரு. யாருங்குற? நம்ம..." என்று அவர் பெயரை எடுத்த அந்த நொடியில் மாடு கத்தியது. அவ்வளவு நீளமாக அது அதற்கு முன்பும் கத்தியதில்லை, பின்பும் கத்தியதில்லை. மாடு ஓய்ந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, "அட, அவரா! பாக்க அப்படித் தெரியலையே" என்று வியப்பதுதான் கேட்கிறது.

விவரம் தெரிந்து நான் கல்லுக்கு ஓடி, எல்லோருக்கும் அழியும்படி அழித்தேன். அதற்குள் சிங்கப்பூர் சித்தப்பா அதை வேறு இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். தங்கை அழைத்து, "அண்ணே, யாருண்ணே அது?" என்றாள். ஆறு ஆண்டுகளாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பெரியப்பா அழைத்து, மாட்டுக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, போகிற போக்கில் அதையே கேட்டார். மடவை என்ன விலைக்குப் படிந்தது என்று கேட்டவன் தம்பி ஒருவன்தான். துபாயில் அவனுக்கு அந்த மீன் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை தூரத்து உறவினர் ஒருவர் வந்து, கணக்குப் பார்த்ததில் 2,000 ரூபாய் விட்டுப்போயிருந்ததாகச் சொல்லி வைத்துவிட்டுப் போனார். மாலையில் இன்னொருவர் 3,000 ரூபாயோடு வந்தார். மூன்றாமவரின் கணக்கை நோட்டில் தேடிப் பார்த்தால் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. ஆனாலும் அவர் 1,000 ரூபாயை எங்கள் திண்ணையில் வைக்காமல் நகர மாட்டேன் என்றார். அம்மா அதைப் புதுநடையில் எழுதிக்கொண்டார். மூவரில் ஒருவரும் அம்மா சொன்ன ஆள் இல்லை.

அம்மா சொன்னவர் கிழக்குத்தெரு மாமா. அவர் நான்காம் நாள்தான் வந்தார், ஒரு தார் பூவன் பழத்தோடு. மகன் மலேசியாவிலிருந்து சொன்ன பிறகே அந்தப் பதிவைக் கேட்டாராம். அம்மா கொடுத்த காபியை ஆற்றிக் குடித்தார், சுற்றும்முற்றும் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, அது யாருன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நானே போயி அந்த ஆள்கிட்ட வாங்கிட்டு வந்து தர்றேன்."

அம்மா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒன்னாலதான் முடியும் தம்பி. நீயே வாங்கிக் குடுத்துரு."