எதிர்வீட்டு ஜன்னல்

சுவரோவிய வேலையில் என் பங்கு வரைவது இல்லை. சுவரைத் தயார் செய்வது, சாரம் கட்ட ஆள் பிடிப்பது, அனுமதிக் கடிதத்தோடு அலைவது, பெயிண்ட் கணக்குப் பார்ப்பது, இவைதான். வரைகிறவர்கள் எல்லாம் முடிந்த பிறகு வந்து பத்து நாளில் கிளம்பிவிடுவார்கள். திறப்பு விழாப் படங்களில் என்னைத் தேடாதீர்கள். அந்த நேரத்தில் வாளி கழுவிக்கொண்டிருப்பேன்.

புதிதாக ஒரு சுவர் கைக்கு வந்தால் முதலில் உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் பழைய பூச்சு செத்துவிட்டது என்று அர்த்தம், சுரண்டியே ஆக வேண்டும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறியிருந்தால் அது இன்னும் மோசம். ஓதத்தை விட்டுவிட்டு மேலே எத்தனை கோட் அடித்தாலும் உப்புப் பூத்து, அப்பளம் மாதிரி உப்பி, உரிந்து விழும். இதைச் சொன்னால் யாருக்கும் கேட்கப் பிடிப்பதில்லை. எல்லோருக்கும் படம்தான் அவசரம்.

சுவர் தயாரானதும் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோகும் ஒரு கட்டம் உண்டு. முன்பெல்லாம் நூல் பிடித்துக் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கினோம். இப்போது பலர் சுவர் முழுக்க வாய்க்கு வந்த எழுத்து, சுழி, அம்பு, மூக்கு என்று கிறுக்குகிறார்கள். அதைப் போட்டோ எடுத்து, போனில் அதன்மேல் மூலப் படத்தை மெல்லியதாகப் பதித்துக்கொள்வார்கள். 'மூக்குக் கிறுக்கலை ஒட்டி இடது புருவம்' என்று கிறுக்கலே அடையாளமாகிவிடும். சாரத்தில் ஒட்டி நிற்கிறவனுக்கு முழுச் சுவரும் தெரியாது, கைக்கெட்டும் கிறுக்கல் மட்டும்தான் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் தெருவே எங்களைத் திட்டும்.

ஒருமுறை மூன்று மாடி உயரப் பக்கச்சுவரில் ஒரு முகம் போட்டோம். கண் மட்டுமே ஆள் உயரம். ஏழாம் நாள் எதிர்வீட்டு அம்மா ஒருவர் இறங்கி வந்தார்.

"தம்பி, இது எத்தனை வருஷம் இருக்கும்?"

பெருமையாகச் சொன்னேன்: "நல்ல பெயிண்ட்மா. ஏழெட்டு வருஷம் தாங்கும்."

"அப்ப ஏழெட்டு வருஷம் நான் ஜன்னலைத் திறக்க முடியாது. நம்பலைன்னா மேல வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். தெருவில் நின்று பார்த்தால் கருணையான பார்வை. அவர் படுக்கையறை ஜன்னலில் அந்தக் கண் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கட்டட உரிமையாளர் முதல் உள்ளாட்சி வரை எல்லோர் கையெழுத்தும் என் கோப்பில் இருந்தது. இவருடையது இல்லை, சட்டப்படி தேவையும் இல்லை. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஓவியரிடம் கெஞ்சி இமையை மூட வைத்தேன். அரை நாள் வேலை, அரை நாள் முணுமுணுப்பு. இப்போது எல்லோரும் 'தூங்குகிற முகம்' என்று புகழ்கிறார்கள், ஓவியரும் அது தன் யோசனைதான் என்கிறார். சரி, இருக்கட்டும்.

வரைகிறவருக்குச் சில ஊர்களில் சட்டம் துணை நிற்கிறது. நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்து ஓவியங்களை 2013-இல் உரிமையாளர் ஒரே இரவில் வெள்ளையடித்து மறைத்தார். 2018-இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, 2020-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. நியாயம்தான். ஆனால் எதிர் ஜன்னலுக்காக வாதாட ஒரு சட்டத்தையும் நான் பார்த்ததில்லை.

அதனால்தான் பார்க்கிறவர்களை நினைத்து வேலை செய்த ரிச்சர்ட் அன்க்ரமை எனக்குப் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலஸில் 110-ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு 5-ஆம் நெடுஞ்சாலைக்குப் பிரியும் இடம் பலகையில் தெளிவாக இல்லை. 2001 ஆகஸ்டில் அவர் அரசு அளவுகளின்படியே, நிறமும் பொருந்த, '5' என்ற எண்ணையும் 'வடக்கு' என்ற சொல்லையும் செய்து, வேலைக்காரர் உடையில் ஏறி மாட்டிவிட்டு இறங்கினார். பல மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகும் சாலைத் துறை அதைக் கழற்றவில்லை. எட்டு வருடம் கழித்துப் பலகையை மாற்றியபோது புதியதிலும் அந்தத் தகவலைச் சேர்த்தது. அவர் ஓவியர். கையெழுத்தைக் காணாத இடத்தில் போட்டார், பலகையின் பின்புறத்தில்.

எங்கள் பெரிய சறுக்கல் சாலையில் நடந்தது, நிஜமாகவே சறுக்கல். ஒரு நாற்சந்தியில் வாகனங்கள் வேகம் குறைய வேண்டுமென்று வண்ண வட்டங்கள் போட்டோம். நோக்கம் தப்பில்லை. அமெரிக்காவில் 17 இடங்களை ஆராய்ந்து 2022-இல் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையில், சாலை ஓவியம் வந்தபின் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சிக்கும் விபத்துகள் பாதியாகக் குறைந்தன என்று இருக்கிறது. ஆனால் நாங்கள் பளபளப்புக்கு ஆசைப்பட்டு மேல்பூச்சில் மணல் கலக்காமல் விட்டோம். முதல் மழையில் ஒரு பைக்காரர் வழுக்கி விழுந்தார். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. மருந்து போட்டபடியே அவர் கேட்டார், "ஏன்பா, கல்யாண வீடா இது, இப்படி மினுக்கி வச்சிருக்கீங்க?" பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் முழுக்கச் சுரண்டி, பொடி மணல் தூவி மறுபடி அடித்தோம். நிறம் மங்கித்தான் போனது.

மறுபூச்சைப் பற்றி யாருமே பட்ஜெட் எழுதுவதில்லை என்பது என் நிரந்தரப் புலம்பல். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1996-இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு நாற்சந்தியைத் தங்கள் கூடுமிடமாக மாற்றினார்கள். நகர நிர்வாகம் முதலில் தடுத்தது, பிறகு அனுமதிக்க விதியே கொண்டுவந்தது. அங்கே தேய்ந்த வண்ணத்தை அந்தத் தெருக்காரர்களே மறுபடி மறுபடி பூசுகிறார்கள். எங்கள் விண்ணப்பங்களில் மறுபூச்சுச் செலவுக்கு ஒரு பத்தியைச் சேர்த்தால் முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள்.

போன வாரம் அந்த எதிர்வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, தாடைக்குக் கீழ ஒரு சாண் உரிஞ்சிருக்கு. அன்னைக்கு ஏழெட்டு வருஷம்னீங்க, மூணுதான் ஆச்சு." ஓதம் ஏறியிருக்கும், நான் சந்தேகப்பட்ட மூலைதான் அது. தாடையின் நிறக் கலவையைப் பழைய நோட்டில் தேடினேன். பழுப்பு மூன்று, மஞ்சள் ஒன்று, வெள்ளை என்று எழுதி, வெள்ளைக்கு மட்டும் அளவை விட்டிருக்கிறேன். சனிக்கிழமை ஒரு சின்ன வாளியில் கலந்துகொண்டு போய், அவர் ஜன்னலிலிருந்து அவரையே நிறம் பார்த்துச் சொல்லச் சொல்ல வேண்டும்.