கமிட்டி போட்டாச்சு, அப்புறம்?

எந்தச் சங்கத்துப் பொதுக்குழுவிலும் ஒரு கட்டம் வரும். இரண்டு பேர் எழுந்து கத்திக்கொண்டிருப்பார்கள், பின்வரிசை பாதி காலியாகியிருக்கும், யாராவது ஒருவர் "சரி, இதுக்கு ஒரு கமிட்டி போட்டுடலாம்" என்பார். எல்லோருக்கும் அப்பாடா என்றிருக்கும். அதோடு விஷயம் கிணற்றில் போட்ட கல்.

அப்படிப் போட்ட ஐந்து பேர் கமிட்டி ஒன்றில் நானும் இருந்தேன். சந்தாவை உயர்த்தலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கமிட்டித் தலைவர் நான்கு மாதம் கூட்டமே போடவில்லை. கடைசி வாரத்தில் தனித்தனியாகப் போன் செய்து "உங்களுக்கு ஓகேதானே?" என்று கேட்டார், மூன்று பேர் சரி என்றார்கள், நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொதுக்குழுவில் 'கமிட்டி அறிக்கை' என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "அஞ்சு பேரும் எந்தத் தேதியில உட்கார்ந்து பேசினீங்க?"

தலைவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அதற்கப்புறம்தான் விதிகளைத் தேடிப் படித்தேன். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர், ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கத் தெரியாமல் அசடு வழிந்தவர், பிறகு பாராளுமன்ற நடைமுறைகளைப் படித்து 1876-இல் சாதாரணச் சங்கங்களுக்கென ஒரு விதிநூலே எழுதினார். அந்த வழிமுறைப்படி, முறையாக அழைத்து, கோரம் (குறைந்தபட்சம் வந்திருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை) இருக்கும் கூட்டத்தில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டதுதான் கமிட்டி அறிக்கை. ஒன்றுகூடவே முடியாத நிலை என்றால் தனித்தனியாகக் கேட்கலாம், ஆனால் அப்போது அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், பெரும்பான்மை போதாது. இன்னொன்றைப் படித்தபோதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது: தலைவர் கூட்டம் போடாவிட்டால் உறுப்பினர்களில் எந்த இருவரும் கூட்டலாம். நான்கு மாதம் அவரைத் திட்டியதற்குப் பதில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு நானே கூட்டியிருக்கலாம்.

பலரும் கமிட்டியை ஒரு குட்டிப் பொதுக்குழு என்று நினைக்கிறோம். அது அப்படியல்ல. அதன் அதிகாரம் முழுக்க இரவல். பார்த்துச் சொல் என்றால் பார்த்துச் சொல்வதோடு சரி, செலவு செய்யவோ சங்கத்தின் பெயரில் வெளியே அறிக்கை விடவோ முடியாது. நிலைக்குழு என்றால் தொடர்ந்து இருக்கும். ஒரு வேலைக்காகப் போட்ட சிறப்புக் குழு, இறுதி அறிக்கை கொடுத்த கையோடு தானாகவே கலைந்துவிடும், அதற்குத் தனித் தீர்மானம்கூட வேண்டாம். கல் கிணற்றிலேயே கிடந்தால் பொதுக்குழு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்: முன்னறிவிப்பு இருந்தால் சாதாரணப் பெரும்பான்மை, இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு. கொடுத்த கெடு தாண்டிவிட்டதா, அப்போதும் சாதாரணப் பெரும்பான்மையே போதும். (உங்கள் பைலாவில், அதாவது சங்கத்தின் சொந்த விதிகளில், வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும்.)

ஆனால் உள்ளே கமிட்டிக்கு இருக்கும் சுதந்திரம் பொதுக்குழுவுக்குக் கிடையாது. வழிமொழிய ஆள் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம், தலைவரும் விவாதத்தில் இறங்கலாம், 'பேச்சை முடியுங்கள்' என்று தீர்மானம் போட்டு யார் வாயையும் அடைக்க முடியாது. கமிட்டி போடுவதே இதற்காகத்தான் என்பேன். இங்கிலாந்து மக்களவை 17-ஆம் நூற்றாண்டில் சபை முழுவதையுமே கமிட்டியாக மாற்றிக்கொண்டு, மன்னரின் ஆள் என்று சந்தேகப்பட்ட சபாநாயகரை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டுப் பேசியதும் இந்தச் சுதந்திரத்துக்காகவே.

யாரைப் போடுவது என்பதிலும் ராபர்ட்டின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவான வேலையைச் செய்துமுடிக்கும் குழு என்றால் சின்னதாக, அந்த வேலையை ஆதரிப்பவர்கள் மட்டும். ஆராய்ந்து சொல்லும் குழு என்றால் பெரிதாக, எதிர்ப்பவர்களும் உள்ளே. நாங்கள் ஐந்து பேருமே சந்தா உயர்வுக்குத் தலையாட்டக்கூடியவர்கள்.

அன்றைக்கு அந்தத் தாளைப் பொதுக்குழு ஏற்கவில்லை. எதிர்ப்பவர்கள் இருவரைச் சேர்த்து, தேதி குறித்து எங்களிடமே திருப்பி அனுப்பியது. இந்த முறை நானும் இன்னொருவரும் கையெழுத்துப் போட்டுக் கூட்டத்தை அழைத்தோம். தலைவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார்.